கேடயமாக நிற்கும் மேலாளர்

ஒரு கால்பந்துக் கழகம் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தால் அதன் மேலாளரை நீக்கிவிட்டு வேறொருவரை அமர்த்துவதே மருந்து என்றும், அப்படி வந்து சேர்பவர் யார் என்பதைக் கொண்டே கழகத்தின் அடுத்த சில ஆண்டுகளின் தலையெழுத்தைச் சொல்லிவிடலாம் என்றும் ரசிகர்கள் உறுதியாக நம்புகிறார்கள். இங்கிலாந்தின் வழக்கில் மேலாளர் எனப்படுபவர் அலுவலகத்தை நடத்தும் நிர்வாகி அல்லர். களமிறங்கும் 11 பேரைத் தேர்ந்தெடுப்பவரும், ஆட்டமுறையை வகுப்பவரும், பயிற்சியை மேற்பார்ப்பவரும், ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் ஒலிவாங்கிகளின் முன் அமர்ந்து தோல்விக்குப் பதில் சொல்பவரும் அவரே. அவரது நியமனம் அறிவிக்கப்பட்ட சில மணி நேரத்துக்குள் ரசிகர்களின் தீர்ப்பும் வந்துவிடுகிறது. பெயர் பெற்றவரானால் கொண்டாட்டமும், பெயர் கேள்விப்படாதவரானால் ஏளனமும், எதிரிக் கழகத்தில் பணியாற்றியவரானால் வெறுப்பும் எழுகின்றன. இவை ஒன்றுக்கொன்று முரண்பட்டவையாகத் தோன்றினாலும், அந்த ஒரு மனிதரே கழகம் என்ற எண்ணத்தில்தான் எல்லாம் வேர்கொண்டிருக்கின்றன. அவ்வெண்ணம் உண்மைக்கு மாறானது, அதை நம்பும் ரசிகர்களுக்கே தீங்கானது, அதனால் பயன்பெறுவோர் கழகங்களின் உரிமையாளர்களே என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்த நம்பிக்கை வானத்திலிருந்து விழுந்ததன்று. அது ஒரு காலத்தில் பெருமளவு நியாயமாகவும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் கழகங்கள் முளைத்தபோது, பெரும்பாலும் இயக்குநர் குழுவினரே கூடி அமர்ந்து அணியைத் தேர்ந்தெடுத்தார்கள். செயலாளர் என்ற பெயரில் ஒருவர் கடிதங்களையும் பயண ஏற்பாடுகளையும் கவனித்துவந்தார். 1925இல் ஆர்சனலுக்கு வந்த ஹெர்பர்ட் சாப்மன் அணித் தேர்வையும் ஆட்டமுறையையும் வீரர்களை வாங்குவதையும் தம் கையில் எடுத்துக்கொண்டார். அரங்கத்துக்கு அருகிலிருந்த சுரங்க ரயில் நிலையத்துக்கே 1932இல் கழகத்தின் பெயரைச் சூட்டவைக்கும் அளவுக்கு அவர் செல்வாக்கு வளர்ந்தது. 1945இல் மான்செஸ்டர் யுனைடெட்டில் பொறுப்பேற்ற மாட் பஸ்பி, இயக்குநர்கள் அணி விவகாரத்தில் தலையிடாத அதிகாரத்தைக் கேட்டுப் பெற்றார். தேசிய அணியில் இம்மாற்றம் இன்னும் தாமதமாகவே வந்தது; 1963இல் ஆல்ஃப் ராம்சே வரும்வரை இங்கிலாந்து அணியைத் தேர்ந்தெடுத்தது ஒரு குழுதான். 1986 நவம்பர் முதல் 2013 மே வரை மான்செஸ்டர் யுனைடெட்டை ஆண்டு 13 லீக் பட்டங்களைப் பெற்றுத் தந்த அலெக்ஸ் ஃபெர்குசன் அந்த மரபின் உச்சம் என்பதோடு, பெருங்கழகங்களைப் பொறுத்தவரை அதன் கடைசிக் கண்ணிகளுள் ஒருவராகவும் அமைந்தார்.

இன்று அந்தப் பதவி அதே பெயரில் இருந்தாலும் அதே பொருளில் இல்லை. எந்த வீரரை வாங்குவது, எவரை விற்பது, எந்த வயதில் எந்த ஒப்பந்தம் தருவது என்பவற்றைத் தீர்மானிக்க விளையாட்டு இயக்குநர் என்ற தனிப் பதவி பெரும்பாலான பெருங்கழகங்களில் உள்ளது. அவருக்குக் கீழே வீரர்களைத் தேடிக் கண்டறியும் பிரிவும், ஆட்டத் தரவுகளை ஆராயும் பிரிவும், மருத்துவப் பிரிவும் இயங்குகின்றன. லிவர்பூலின் தரவு ஆய்வுப் பிரிவைப் பல்லாண்டு வழிநடத்திய இயன் கிரஹாம் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அவருடைய பிரிவின் பரிந்துரைகள் மேலாளர் யூர்கன் கிளாப்பின் காலத்து வெற்றிகளில் எந்த அளவுக்குக் கலந்திருந்தன என்பதை அரங்கத்தில் பாடிய பல்லாயிரம் பேரில் அறிந்தவர் சிலரே. பல கழகங்கள் மேலாளர் என்ற சொல்லையே விட்டுவிட்டுத் தலைமைப் பயிற்சியாளர் என்று மட்டும் குறிப்பிடுகின்றன. 2024இல் லிவர்பூலுக்கு வந்த ஆர்னே ஸ்லாட்டும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்த ரூபன் அமோரிமும் அந்தப் பெயரிலேயே அமர்த்தப்பட்டார்கள். அதிகாரம் இப்படிப் பலர் கைக்குப் பிரிந்து போயிருக்க, பழி மட்டும் பங்கு பிரிக்கப்படாமல் ஒருவர் தலையிலேயே விழுகிறது.

பணத்தின் பங்கு இதனினும் வெளிப்படையானது. சைமன் கூப்பர் என்ற பத்திரிகையாளரும் ஸ்டெஃபான் சைமன்ஸ்கி என்ற பொருளியல் அறிஞரும் 2009இல் வெளியிட்ட நூலில், இங்கிலாந்துக் கழகங்கள் வீரர்களுக்குக் கொடுக்கும் ஊதியத்தையும் புள்ளிப் பட்டியலில் அவை பெறும் இடத்தையும் ஒப்பிட்டு, பத்தாண்டு அளவிலான சராசரியில் கழகங்களுக்கிடையிலான இட வேறுபாட்டில் சுமார் 90 விழுக்காட்டை ஊதிய வேறுபாடே விளக்கிவிடுகிறது என்று காட்டினார்கள். ஒரே பருவத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் இத்தொடர்பு தளர்வானது, காயங்களும் நற்பேறும் நடுவரின் முடிவுகளும் அதில் புகுந்துவிடும். ஆனால் ஆண்டுகள் கூடக்கூட அவை ஒன்றையொன்று சமன்செய்துகொள்ள, அதிகம் கொடுக்கும் கழகம் மேலேயும் குறைவாகக் கொடுக்கும் கழகம் கீழேயும் படிந்துவிடுகின்றன. எஞ்சியிருக்கும் சிறு பங்கில்தான் மேலாளரின் திறமையும், வீரர்களைக் கண்டெடுப்போரின் கூர்மையும், இளையோர் பயிற்சிப் பள்ளியின் உழைப்பும், தற்செயலும் இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஆயினும் புதிய மேலாளர் வந்தவுடன் அணி வெற்றி பெறத் தொடங்குவதைக் கண்ணால் பார்க்கிறோமே என்று ரசிகர்கள் கேட்பார்கள். இந்த நம்பிக்கையின் மிக வலுவான சான்று இதுவே என்பதால் இதை நின்று ஆராய வேண்டும். மேலாளர்கள் நீக்கப்படுவது அணி சராசரியாக ஆடும்போதன்று, தன் இயல்பான தரத்துக்கும் கீழே விழுந்து கிடக்கும்போது. அப்படி விழுந்து கிடக்கும் அணி, எவரும் எதுவும் செய்யாவிட்டாலும், தன் இயல்பான தரத்தை நோக்கித் திரும்பும். புள்ளியியலார் இதனைச் சராசரிக்கு மீளுதல் என்பார்கள். காய்ச்சல் உச்சத்துக்கு ஏறிய அன்று குழந்தையை மந்திரிக்க அழைத்துச் சென்று, மறுநாள் காய்ச்சல் இறங்கியதும் மந்திரித்ததால்தான் இறங்கியது என்று வீட்டார் நம்புவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. டச்சுப் பொருளியல் அறிஞர் பாஸ் டெர் வீல், 1986 முதல் 2004 வரையிலான நெதர்லாந்து முதல்நிலை லீக் ஆட்டங்களை ஆராய்ந்தபோது, மேலாளரை நீக்கிய கழகங்களை மட்டும் பார்க்காமல், அதே அளவுக்குச் சரிந்தும் மேலாளரை நீக்காத கழகங்களையும் அருகில் வைத்துப் பார்த்தார். இரு வகைக் கழகங்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் மீண்டெழுந்தன. நீக்கியதால் கூடுதல் பயன் எதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை. நீக்காத கழகங்களின் மீட்சியைக் கொண்டாட அறிவிப்பும் இல்லை, புதிய முகமும் இல்லை என்பதால் அது எவர் கண்ணிலும் படுவதில்லை.

மான்செஸ்டர் யுனைடெட்டில் 2018 டிசம்பர் முதல் 2019 மே வரை நடந்தது இதற்கு மிக அருகில் நின்று பார்க்கத் தக்க சான்று. டிசம்பர் 18 அன்று ஜோசே மொரீனியோ நீக்கப்பட, 1999இல் பார்சலோனாவில் நடந்த ஐரோப்பிய இறுதிப் போட்டியின் கடைசி நிமிடங்களில் வெற்றி கோலை அடித்த ஓலே குன்னார் சோல்ஷேர் இடைக்கால மேலாளராக வந்தார். முதல் 8 ஆட்டங்களிலும் அணி வென்றது. மார்ச் 6 அன்று பாரிஸில், சொந்த அரங்கில் 0-2 என்று தோற்றிருந்த நிலையில், 90 நிமிடங்களுக்குப் பின் சேர்க்கப்பட்ட ஈடுநேரத்தில் மார்கஸ் ராஷ்ஃபோர்டு அடித்த பெனால்டியால் 3-1 என்று வென்று சாம்பியன்ஸ் லீக்கின் அடுத்த சுற்றுக்குச் சென்றது. அந்த இரவு தொலைக்காட்சியில் முன்னாள் வீரர்கள் அவருக்கு நிரந்தர ஒப்பந்தம் கொடுத்துவிட வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். ரசிகர்களின் பேச்சும் அதுவாகவே இருந்தது. மார்ச் 28 அன்று மூன்றாண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏப்ரல் 21 அன்று எவர்ட்டனிடம் 0-4 என்று அணி தோற்றது. மே 12 அன்று, ஏற்கெனவே கீழ்நிலை லீக்குக்கு இறங்குவது உறுதியாகிவிட்ட கார்டிஃப் சிட்டியிடம் சொந்த மண்ணிலேயே 0-2 என்று தோற்றுப் பருவத்தை 6ஆம் இடத்தில் முடித்தது. மேலாளரும் வீரர்களும் பயிற்சி மைதானமும் மாறவில்லை, பருவம்கூட மாறவில்லை. பிப்ரவரியின் வெற்றிக்கு சோல்ஷேரின் ஆளுமை காரணமென்றால் மே மாதத்தின் தோல்விக்கு எது காரணம் என்று அந்த நம்பிக்கையால் விளக்க முடியாது. விழுந்த அணி இயல்பான தரத்துக்கு எழுந்தது, நற்பேற்றால் அதற்கும் சற்று மேலே போனது, பிறகு தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது என்ற விளக்கமோ இரண்டுக்கும் பொருந்தும்.

முதல் நாள் தீர்ப்புகள் எவ்வளவு நம்பத்தகாதவை என்பதற்கு லெஸ்டர் சிட்டியின் வரலாற்றைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. 2015 ஜூலையில் கிளாடியோ ரனியேரி அங்கு அமர்த்தப்பட்டபோது, அவர் அதற்கு முன் ஏற்றிருந்த கிரேக்க தேசிய அணி சொந்த மண்ணில் ஃபாரோ தீவுகளிடம் தோற்று, அவர் பணியிழந்து எட்டு மாதங்களே ஆகியிருந்தன. லெஸ்டரின் முன்னாள் முன்கள வீரரான கேரி லினேகரே இந்த நியமனத்தை நம்ப முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். பந்தய நிறுவனங்கள் 5000க்கு 1 என்று விலை வைத்திருந்த அந்த அணி 2016 மே மாதத்தில் லீக் பட்டத்தை வென்றது. உடனே ஏளனம் வழிபாடாக மாறியது. ஏளனம் செய்தவர்கள் தவறினார்கள் என்பது எல்லோரும் சொல்லும் கதை. வழிபட்டவர்களும் அதே தவற்றைத்தான் செய்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை.

ரனியேரி வருவதற்கு முன்பே, நைஜல் பியர்சனின் கீழ், முந்தைய பருவத்தின் கடைசி 9 ஆட்டங்களில் 7ஐ வென்று அந்த அணி எழுந்து நின்றுவிட்டது. பட்டம் வென்ற அணியின் முதுகெலும்பாக இருந்தவர்களுள் ஜேமி வார்டியைத் தொழில்முறை லீக்குகளுக்கும் கீழேயிருந்த ஃப்ளீட்வுட் டவுனிலிருந்து 2012இல் சுமார் 10 லட்சம் பவுண்டுக்கும், ரியாத் மாஹ்ரஸை லெ ஆவ்ர் கழகத்திலிருந்து 2014இல் 5 லட்சம் பவுண்டுக்கும் குறைவாகவும், என்கோலோ கான்டேயைக் கான் நகரக் கழகத்திலிருந்து 2015இல் சுமார் 56 லட்சம் பவுண்டுக்கும் கொண்டுவந்ததில் பெரும்பங்கு, வீரர் தேடலுக்குத் தலைமை வகித்த ஸ்டீவ் வால்ஷ் என்பவருடையது. இவர் பெயரை அரங்கில் யாரும் பாடவில்லை. பட்டம் வென்ற அந்தக் கோடையில் கான்டே செல்சிக்கு விற்கப்பட்டார், வால்ஷ் எவர்ட்டனுக்குச் சென்றார். ரனியேரி மட்டும் லெஸ்டரிலேயே இருந்தார். அடுத்த பருவத்தில் கான்டே சேர்ந்த செல்சி லீக் பட்டத்தை வென்றது. மேலாளர் மாறாத லெஸ்டரோ 2017 பிப்ரவரியில் கீழிறங்கும் இடங்களுக்கு ஒரே புள்ளி மேலே தொங்கிக்கொண்டிருக்க, அம்மாதம் 23ஆம் நாள் ரனியேரி நீக்கப்பட்டார். மேலாளர் என்ற ஒன்றை மட்டும் மாறாமல் வைத்து மற்றவற்றை மாற்றிப் பார்க்கும் சோதனையை எவரேனும் திட்டமிட்டு நடத்தியிருந்தாலும் இதைவிடத் துலக்கமான முடிவு கிடைத்திருக்காது. அவருக்குப் பின் வந்த கிரெய்க் ஷேக்ஸ்பியர் முதல் 5 லீக் ஆட்டங்களையும் வென்றார், ஜூனில் நிரந்தர ஒப்பந்தம் பெற்றார், அக்டோபரில் நீக்கப்பட்டார்.

ஒரே மனிதர் ஒரு கழகத்தில் வீழ்ந்து மற்றொன்றில் சிகரம் தொடுவதையும் இந்த நம்பிக்கையால் விளக்க முடியாது. பிரையன் கிளஃப் 1974இல் லீட்ஸ் யுனைடெட்டில் 44 நாள்கள் மட்டுமே தாக்குப்பிடித்தார். அவரே நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்குச் சென்று 1978இல் லீக் பட்டத்தையும் 1979, 1980 ஆகிய ஈராண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையையும் வென்றார். வீரர்களைக் கண்டெடுப்பதில் வல்லவரான பீட்டர் டெய்லர் லீட்ஸுக்கு அவருடன் செல்லவில்லை, ஃபாரஸ்ட்டில் 1976 முதல் அவருடன் இருந்தார் என்பதை வெறும் அடிக்குறிப்பாக ஒதுக்கிவிட முடியாது.

எதிர்த் தரப்பில் சொல்லத்தக்க நேர்மையான சான்று ஒன்று உண்டு, அதை மறைப்பது முறையாகாது. 2021 ஜனவரியில் ஃபிராங்க் லாம்பார்டை நீக்கிவிட்டு தாமஸ் டூஹலை அமர்த்திய செல்சி, நான்கே மாதங்களில், மே 29 அன்று போர்ட்டோ நகரில் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வென்று ஐரோப்பாவின் பட்டத்தைக் கைப்பற்றியது. அதே வீரர்களைக் கொண்டு தடுப்பாட்டத்தை டூஹல் திருத்தியமைத்த விதம் மெய்யான திறமை. மேலாளர் எவராயினும் ஒன்றே என்று இக்கட்டுரை வாதிடவும் இல்லை. ஆனால் இறுதிப் போட்டியின் ஒரே கோலை அடித்த காய் ஹாவர்ட்ஸ் உள்ளிட்ட வீரர்களுக்காக அக்கழகம் முந்தைய கோடையில் 20 கோடி பவுண்டுக்கு மேல் செலவிட்டிருந்தது என்பதையும், 2022இல் உரிமையாளர் மாறியதும் அதே டூஹல் அடுத்த பருவத்தின் தொடக்கத்திலேயே நீக்கப்பட்டார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் காட்சி முழுமையாகும். நல்ல இயந்திரத்தில் அமர்ந்த நல்ல ஓட்டுநர் விரைவாகச் செல்கிறார். ஓட்டுநரை மாற்றுவதால் இயந்திரம் பழுதுநீங்கிவிடாது.

இந்த இடத்தில் பொறுமையைப் போதிப்பவர்கள் குறுக்கிடுவார்கள். ஃபெர்குசனின் முதல் கோப்பை 1990இல்தான் வந்தது, அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1989 டிசம்பரில், அவரை விடைகொடுத்து அனுப்பும் பதாகை ஓல்டு டிராஃபோர்டில் விரிக்கப்பட்டது, அன்று நீக்கியிருந்தால் எல்லாம் போயிருக்கும் என்று அவர்கள் நினைவூட்டுவார்கள். கிளாப்பின் முதல் பருவம் 8ஆம் இடத்தில் முடிந்ததையும், மிக்கேல் ஆர்ட்டேட்டாவின் ஆர்சனல் அடுத்தடுத்து இருமுறை 8ஆம் இடத்தில் நின்றதையும் எடுத்துக்காட்டுவார்கள். இதுவும் அதே நம்பிக்கையின் மறுபக்கமே. உடனே நீக்கு என்பவரும் காலம் கொடு என்பவரும், வழக்கு அந்த ஒரு மனிதரைப் பற்றியது என்பதில் ஒத்துப்போகிறார்கள். காலம் கொடுக்கப்பட்டு ஒன்றும் ஆகாமல் போன மேலாளர்களின் பட்டியலை எவரும் எழுதிவைப்பதில்லை. வென்றவர்களை மட்டும் எண்ணிப் பொறுமைக்குப் பெருமை சேர்க்கிறார்கள். 2024 மே மாதத்தில் எரிக் டென் ஹாக் எஃப்.ஏ. கோப்பையை வென்றதும் மான்செஸ்டர் யுனைடெட் நிர்வாகம் பொறுமை காட்டி ஜூலையில் அவரது ஒப்பந்தத்தை நீட்டித்தது, அக்டோபரில் அவரை நீக்கியது. அவரும் அவருடைய உதவியாளர்களும், ஐந்தே மாதங்களில் வெளியேறிய விளையாட்டு இயக்குநரும் சேர்ந்து விலகியதற்கான செலவு 1.45 கோடி பவுண்டு என்று கழகத்தின் கணக்கிலேயே பதிவானது.

அந்தக் கழகத்தின் கதையை இன்னும் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. ஏனெனில் மேலாளர் என்பவர் யாருக்குக் கேடயமாக நிற்கிறார் என்பது அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. 2005இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் சுமார் 79 கோடி பவுண்டு மதிப்பில் அக்கழகத்தை வாங்கியபோது, வாங்குவதற்காகப் பெற்ற கடனின் பெரும்பகுதி கழகத்தின் மீதே சுமத்தப்பட்டது. அதுவரை பல்லாண்டுகளாகக் கடனற்றிருந்த கழகம், தன்னை வாங்கியவர்களின் கடனுக்குத் தானே வட்டி கட்டத் தொடங்கியது. ஃபெர்குசன் இருந்தவரை பட்டங்கள் வந்துகொண்டிருந்ததால் அந்தச் சுமை வெளியே தெரியவில்லை. 2013 கோடையில் அவரோடு தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் விலகினார். வீரர்களை வாங்குவதில் அனுபவமில்லாத எட் வுட்வர்டு அந்த இடத்துக்கு வந்தார். எவர்ட்டனின் நடுக்கள வீரர் மருவான் ஃபெலைனியை ஜூலை முடிவுக்குள் கேட்டிருந்தால் ஒப்பந்த விதிப்படி 2.35 கோடி பவுண்டுக்கு வாங்கியிருக்கலாம். காலக்கெடு கடந்துபோக, வீரர் சந்தை மூடும் கடைசி நாளில் 2.75 கோடி பவுண்டு கொடுத்து அவரை வாங்கினார்கள். நாள்காட்டியைப் பார்க்கத் தவறியதற்கான விலை 40 லட்சம் பவுண்டு.

காலக்கெடுவைத் தவறவிட்ட அந்த அலுவலகத்தை எதிர்த்து அந்தப் பருவத்தில் எந்த விமானமும் பறக்கவில்லை. 2014 மார்ச் 29 அன்று, ஆஸ்டன் வில்லாவுக்கு எதிரான ஆட்டத்தின்போது, ரசிகர்கள் சிலர் பணம் திரட்டி வாடகைக்கு எடுத்த விமானம் மேலாளர் டேவிட் மொயிஸ் வெளியேற வேண்டும் என்ற வாசகத்தை இழுத்துக்கொண்டு ஓல்டு டிராஃபோர்டின் மேலே வட்டமிட்டது. ஆறாண்டு ஒப்பந்தத்தோடு வந்தவர் பத்தே மாதங்களில், ஏப்ரல் 22 அன்று நீக்கப்பட்டார். அவருக்குப் பின் லூயி வான் கால், மொரீனியோ, சோல்ஷேர், இடைக்காலத்துக்கு ரால்ஃப் ராங்னிக், டென் ஹாக், அமோரிம் என்று ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். ஒருவரது ஆட்டமுறைக்காக வாங்கப்பட்ட வீரர் அடுத்தவருக்குப் பயன்படாமல் போக, அவருக்காக வேறொருவர் வாங்கப்பட, கழகத்தின் உடைமாற்று அறை பல மேலாளர்களின் விருப்பங்கள் அடுக்கடுக்காகப் படிந்த இடமாயிற்று. விளையாட்டு இயக்குநருக்கு ஒப்பான ஒரு பதவியே அங்கு 2021 மார்ச்சில்தான் முதன்முதலாக உருவாக்கப்பட்டது. 2024 மே 12 அன்று ஆர்சனலிடம் தோற்ற ஆட்டத்துக்குப் பின் பெய்த மழையில் அரங்கின் கூரை மூலையிலிருந்து தண்ணீர் அருவியாக இருக்கைகளின்மேல் கொட்டியது. எந்த மேலாளரின் ஆட்டமுறையும் அந்தக் கூரையை ஒழுகவிடவில்லை. 2024-25 பருவத்தில் அணி 15ஆம் இடத்துக்கு இறங்கியது.

அதே பருவத்தின் நடுவில், அமோரிம் பொறுப்பேற்ற சில வாரங்களுக்குள், உறுப்பினர்களுக்கான எஞ்சிய சீட்டுகளின் விலை 66 பவுண்டு என்று அறிவிக்கப்பட்டது. சிறுவர்களுக்கும் முதியோருக்கும் அதுவரை இருந்த சலுகையும் நீக்கப்பட்டது. அவர் மூன்று தடுப்பாட்டக்காரர்களை நிறுத்துவது சரியா, நால்வரை நிறுத்துவது சரியா என்று ஊரெங்கும் வாதாடிக்கொண்டிருந்த வாரங்கள் அவை. பேரனை முதன்முதலாக ஓல்டு டிராஃபோர்டுக்கு அழைத்துச் செல்ல விரும்பிய ஓய்வூதியர் ஒருவர் இரண்டு சீட்டுக்கு 132 பவுண்டு எடுத்து வைக்க வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கான ஊழியர்கள், வீரர்களோ பயிற்சியாளர்களோ அல்லாத எளிய பணியாளர்கள், செலவுக் குறைப்பு என்ற பெயரில் வேலையிழந்தார்கள். இந்த முடிவுகளில் ஒன்றையும் எடுத்தவர் தலைமைப் பயிற்சியாளர் அல்லர். ஆனால் வாரத்துக்கு இருமுறை ஒலிவாங்கிகளின் முன் அமர்ந்து கழகத்தின் முகமாக நின்றவர் அவரே.

இதில் சதி எதுவும் இருக்க வேண்டியதில்லை. ஏற்பாடே அப்படி அமைந்திருக்கிறது. உரிமையாளர் பேசுவதில்லை, பேச வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. மேலாளர் பேசியாக வேண்டும். தோல்வி நீளும்போது ரசிகர்களின் சினம் கண்ணுக்குத் தெரியும் மனிதரை நோக்கித் திரும்புகிறது. அவரை நீக்கினால் அச்சினம் ஒரே நாளில் நம்பிக்கையாக மாறுகிறது. புதியவரைப் பற்றிய ஆவலில் பழைய கேள்விகள் மறக்கப்படுகின்றன. கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, வீரர் தேர்வுக்குப் பொறுப்பு யார், சென்ற முறை தவறாகத் தேர்ந்தெடுத்தவர்களே இம்முறையும் ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பவை அந்தக் கேள்விகள். இங்கிலாந்தில் 2012 முதல் போட்ஸோ குடும்பத்தின் கையில் இருக்கும் வாட்ஃபோர்டு கழகம் 20 முறைக்கு மேல் மேலாளரை மாற்றியிருக்கிறது; மேலாளரே காரணமென்றால் இத்தனை பேரில் எவரேனும் அதை நிலைநிறுத்தியிருக்க வேண்டும். எல்லா மாற்றங்களுக்கும் இடையில் மாறாமல் இருந்தது எது என்று கேட்டால் விடை தானே கிடைக்கும்.

ரசிகர்களின் உணர்ச்சியைக் குறைசொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவர்களை அவசரக்காரர்கள், அறிவற்ற கூட்டம் என்று எழுதும் விமர்சகர்களோடு இதற்கு உடன்பாடு இல்லை. தாத்தா நின்ற அதே மாடத்தில் பேத்தி நிற்பதும், ஆலை மூடப்பட்ட ஊரில் மூடாமல் எஞ்சியிருக்கும் ஒரே பொதுச்சொத்தாகக் கழகத்தைக் காண்பதும், மழையில் 300 கிலோமீட்டர் பயணம் செய்து தோல்வியைப் பார்த்துவிட்டு மறுவாரமும் புறப்படுவதும் எள்ளத்தக்க செயல்கள் அல்ல. அத்தகைய அன்புக்குச் சினம் கொள்ளவும் உரிமை உண்டு. அந்தச் சினம் போய்ச் சேரும் இடம்தான் தவறு. மான்செஸ்டரின் அமைப்புசார்ந்த ரசிகர்கள் 2005 முதலே உரிமையாளரை எதிர்த்துவருகிறார்கள், சிலர் அப்போதே பிரிந்து தமக்கெனத் தனிக் கழகமும் தொடங்கினார்கள் என்பது அவர்களுக்குப் பெருமை. ஆயினும் அரங்கின் பெருங்கூட்டம் அவர்களோடு நின்றதைவிட அடுத்த மேலாளரின் பெயரோடு நின்றதே அதிகம்.

உரிமையாளரை நோக்கித் திரும்பிய ரசிகர்கள் வென்றதற்குச் சான்றுகள் இல்லாமல் இல்லை. 2021 ஏப்ரல் 18 அன்று ஐரோப்பாவின் 12 பெருங்கழகங்கள் தமக்குள் மூடிய தனி லீக் ஒன்றை அறிவித்தபோது, இரண்டே நாள்களில் செல்சி அரங்கின் முன் திரண்ட கூட்டம் வீரர்களின் பேருந்தை மறித்தது. அன்றிரவே இங்கிலாந்தின் ஆறு கழகங்களும் பின்வாங்கத் தொடங்கின. லிவர்பூலில் நடந்தது அதனினும் சிறியது, அதனினும் தெளிவானது. 2010இல் அங்கு மேலாளராக வந்த ராய் ஹாட்சனை வெறுத்து, தாம் நேசித்த கென்னி டால்க்லீஷின் பெயரை ரசிகர்கள் அரங்கில் முழங்கினார்கள். 2011 ஜனவரியில் டால்க்லீஷ் வந்தார், 2012 மே மாதத்தில் 8ஆம் இடத்தோடு அவரும் அனுப்பப்பட்டார். அதே ரசிகர்கள் 2016 பிப்ரவரியில் வேறொன்று செய்தார்கள். புதிதாக எழுந்துகொண்டிருந்த மாடத்தில் அடுத்த பருவம் முதல் ஒரு சீட்டுக்கு 77 பவுண்டு வரை வசூலிக்கப்படும் என்று உரிமையாளர்கள் அறிவித்திருக்க, பிப்ரவரி 6 அன்று சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் 77ஆம் நிமிடத்தில் சுமார் 10,000 பேர் எழுந்து ஆன்ஃபீல்டிலிருந்து வெளியேறினார்கள். அப்போது லிவர்பூல் 2-0 என்று முன்னணியில் இருந்தது. ஒரு பகுதி காலியான அரங்கில் ஆட்டம் 2-2 என்று முடிந்தது. மேலாளர் கிளாப் அன்று அரங்கிலேயே இல்லை, குடல்வால் அழற்சிக்கு அறுவைச் சிகிச்சை பெற்று மருத்துவமனையில் இருந்தார். நான்கு நாள்கள் கழித்து உரிமையாளர்கள் ரசிகர்களிடம் எழுத்தில் வருத்தம் தெரிவித்து, 77 பவுண்டு சீட்டைக் கைவிட்டு, உச்ச விலையை 59 பவுண்டிலேயே இரண்டு பருவங்களுக்கு நிறுத்திவைத்தார்கள்.